பாதத்திலே கர்ப்பப்பையா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்குப் புதிதாய் இருக்கலாம். ரிப்ளெக்ஸாலஜி என்பதாக ஒரு வைத்தியம் மேல்நாடுகளில் நடந்து வருகிறது. அதாவது, உள்ளங்காலில் இன்ன இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் உடம்பிலே இன்ன உறுப்பு சரிப்படும் என்பது. தலைவலிக்கென்றும், தூக்கம் வரவில்லையென்றும் அதைச் செய்துகொள்ளுகிறவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசப் போவதில்லை. அலுத்துப்போன காலை யாராவது பிடித்துவிட்டால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்துக்கு ஒருவன் காசு கொடுப்பதானால் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிள்ளை உண்டாவதற்கும், கர்ப்ப காலத்துக்கும், பிரசவத்துக்கும் இது ஒரு துணை வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு பெண்களிடத்தில் இதைக் கொண்டுவருகிறார்களே, அதைப்பற்றித்தான் நாம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் அப்படியென்றால், பிள்ளையில்லாத பெண்ணுக்கு இருக்கிற மனவேதனையைப் போல ஏமாற்றுக்காரனுக்கு லாபமான சரக்கு உலகத்திலேயே வேறொன்றும் கிடையாது. நம் நாட்டில் அவளை மலடி என்று சொல்லி, கலியாண வீட்டிலும் வளைகாப்பிலும் ஒதுக்கி வைக்கிறார்கள். வெள்ளைக்காரர் நாட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மாதம் தவறாமல் எதிர்பார்த்து மாதம் தவறாமல் ஏமாந்துபோகிற துக்கம் அங்கேயும் இதேதான். இப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, “உன் குதிகாலுக்குப் பக்கத்திலே ஓர் இடம் இருக்கிறது, அதை நான் அமுக்குகிறேன்” என்று ஒருவன் சொன்னால் அவள் காலை நீட்டுவாளா, மாட்டாளா? நீட்டத்தான் செய்வாள். அதில் அவளைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வராது.

முதலில் இந்த வைத்தியத்தின் பிறப்பைப் பார்ப்போம். எந்தப் புரட்டுக்கும் முதல் வேலை தன்னை மிகவும் பழமை என்று சொல்லிக்கொள்ளுவதுதானே! இவர்களும் அப்படியே, எகிப்து தேசத்தில் சக்காரா என்னுமிடத்தில் அங்க்மஹோர் என்கிற அதிகாரியின் கல்லறைச் சுவரில் இருக்கிற ஒரு சித்திரத்தைக் காட்டுகிறார்கள். அந்தச் சித்திரம் சுமார் 4,300 வருஷங்களுக்கு முந்தியது என்பது உண்மைதான். அதில் சில மனிதர் வேறு சிலருடைய கையையும் காலையும் பிடித்துக்கொண்டிருப்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சுவரிலே கர்ப்பப்பை எந்த இடம், ஈரல் எந்த இடம் என்று பாதத்தில் குறித்த படம் இருக்கிறதா என்றால், இல்லை. காலைப் பிடித்துவிடுவதும் நகம் சீவிவிடுவதும் மனிதனுக்குக் கால் உண்டான நாள் முதல் உண்டு. அதை வைத்து ஒரு சாஸ்திரத்துக்கு வயது கணக்கிடுவதானால், நம்மூர் நாவிதரும் நாலாயிரம் வருஷத்து வைத்திய சாஸ்திரி என்று போர்டு போட்டுக்கொள்ளலாம்.

உண்மையில் இது நூறு வருஷத்துக்குச் சற்று அதிகமான சங்கதி. அமெரிக்காவில் ஹார்ட்போர்டு பட்டணத்தில் வில்லியம் பிட்ஸ்ஜெரால்டு என்று காது மூக்கு தொண்டை வைத்தியர் ஒருவர் இருந்தார். உடம்பைத் தலையிலிருந்து கால்வரை நெடுக்குவாட்டில் பத்துப் பாகமாகப் பிரிக்கலாம் என்றும், ஒரு பாகத்தில் ஓரிடத்தை அழுத்தினால் அதே பாகத்தில் வேறிடத்து வலி போகும் என்றும் அவர் சொன்னார். 1917-ல் எட்வின் பவர்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு புத்தகமும் போட்டார். அந்தப் புத்தகத்திலேயே வலியில்லாத பிரசவத்துக்கும் வழி சொல்லியிருக்கிறது. என்ன வழி? தலைவாரும் சீப்பைக் கையிலே இறுக்கிப் பிடித்துக்கொள்ளுவதும், கால்விரல்களில் ரப்பர் வளையம் மாட்டிக்கொள்ளுவதும்! சிரிக்கிறீர்கள். வலி பொறுக்கமாட்டாத நேரத்தில் எதையாவது இறுகப் பிடித்தால் மனம் சற்று வேறு பக்கம் திரும்பும் என்பது நியாயந்தான். நம் பாட்டிமார்கள் தூணையோ, தொங்கவிட்ட கயிற்றையோ பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் கயிற்றுக்குப் பத்துப் பாகம் என்று ஒரு தத்துவம் எழுதி விற்கவில்லை.

அதற்குப் பிறகு 1930-க்கு மேல் யூனிஸ் இங்ஹாம் என்கிற அம்மையார், உடம்பு முழுவதையும் இரண்டு பாதங்களுக்குள்ளே கொண்டுவந்து அடக்கினார். 1938-ல் அவர் புத்தகம் வெளிவந்தது. 1960-க்களில் இது இங்கிலாந்துக்குப் போயிற்று. இவர்களுடைய படத்தின்படி கட்டைவிரல் தலை. உள்ளங்காலின் வளைவு வயிறு. ஈரல் வலது காலில். இருதயம் இடது காலில். கர்ப்பப்பை கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவே உட்புறம். கருமுட்டைப்பை அதே இடத்தில் வெளிப்புறம். ஆணுக்கும் இவ்விதமே அந்தந்த உறுப்புக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

இப்பொழுது நாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். கணுக்காலுக்குக் கீழே இருக்கிற தோலுக்கும் வயிற்றுக்குள் இருக்கிற கர்ப்பப்பைக்கும் என்ன வழியாகச் சம்பந்தம்? நரம்பு வழி என்று சிலர் சொல்லுகிறார்கள். உடம்பை அறுத்துப் பார்த்து நரம்புகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். பாதத்து நரம்பு காலின் வழியாக முதுகுத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து மூளைக்குப் போகிறது. பாதத்தில் அங்குலத்துக்கு ஓர் உறுப்பாக, ஈரலுக்கு ஒரு கம்பி, சிறுநீரகத்துக்கு ஒரு கம்பி என்று தந்தி ஆபீஸ் மாதிரி பிரித்து வைத்திருக்கவில்லை. வேறு சிலர், பாதத்தில் கற்கண்டுப் பொடி மாதிரி கசடு சேர்ந்திருக்கிறது, அதை நசுக்கிவிடுகிறோம் என்கிறார்கள். அந்தக் கற்கண்டை ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினால் போதுமே! இன்றுவரை காட்டினவர் இல்லை. மூன்றாவது கூட்டத்தார் ‘சக்தி’ என்கிறார்கள். இந்தச் ‘சக்தி’யை நாம் நம்மூரிலேயே நிறையப் பார்த்திருக்கிறபடியால் அதற்குப் பதில் சொல்ல அவசியமில்லை.

கைரேகைக்காரன் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த ரேகை ஆயுள், இந்த மேடு புத்திர பாக்கியம்” என்று சொல்லுவதற்கும், இவர்கள் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்? அவன் சொல்லுவதோடு விட்டுவிடுகிறான். இவர்கள் அமுக்கவும் செய்கிறார்கள். கையிலிருந்து காலுக்கு இறங்கி வந்துவிட்டதாலேயே ஒன்று விஞ்ஞானமாகிவிடுமா?

நாம் வாயால் மாத்திரம் பேசி அவர்களைத் தள்ளிவிடப் பார்க்கவில்லை. பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் எக்ஸிடர் சர்வகலாசாலையார் 2000-ஆம் வருஷத்தில் ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். இன்னின்ன நோய் உண்டு என்று வைத்தியர் கணக்கில் தெரிந்த 18 பேரை, இரண்டு பாத வைத்தியர்களிடம் நோய் இன்னதென்று சொல்லாமல் காட்டினார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்த்து யாருக்கு எந்த உறுப்பில் கோளாறு என்று சொல்லவேண்டும். பாதத்தில் உறுப்பின் சங்கதி எழுதியிருப்பது வாஸ்தவமானால் அவர்கள் சரியாகச் சொல்லியிருக்கவேண்டும். அல்லது இருவரும் ஒரே மாதிரியாகவாவது சொல்லியிருக்கவேண்டும். நோயையும் சரியாகச் சொல்லவில்லை. ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகவும் இல்லை. ஒரே ஜாதகத்தை இரண்டு ஜோசியரிடம் காட்டிய கதையாக முடிந்தது.

நிற்க, பிள்ளைப்பேறு விஷயத்துக்கு வருவோம். இதிலேதான் நமக்கு மிகவும் பிரயோஜனமான ஒரு பரீட்சை இருக்கிறது. அதே இங்கிலாந்தில் பிளிமத் பட்டணத்து ஆஸ்பத்திரியில், மாதாமாதம் கருமுட்டை வெளிப்படாத காரணத்தால் பிள்ளையில்லாமல் இருந்த பெண்களைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முறைப்படி பாத வைத்தியம். மற்றக் கூட்டத்துக்கு அந்த இடங்களை அமுக்காமல் காலை மெதுவாகத் தடவிவிடுகிற போலி வைத்தியம். இரண்டு கூட்டத்துக்கும் பத்து வாரத்தில் எட்டுத் தடவை. தமக்கு நடப்பது எது என்று பெண்களுக்குத் தெரியாது. முடிவு 2009-ல் வெளிவந்தது. நிஜ வைத்தியம் பெற்ற 26 பேரில் 11 பேருக்குக் கருமுட்டை வெளிப்பட்டது. போலி வைத்தியம் பெற்ற 22 பேரில் 10 பேருக்கு வெளிப்பட்டது. அதாவது நிஜத்தில் நூற்றுக்கு 42. போலியில் நூற்றுக்கு 45! நிஜத்தைவிடப் போலி ஒரு படி மேலே நிற்கிறது.

கர்ப்பமானவர்கள் எத்தனை பேர் என்றால், நிஜத்தில் 26-க்கு 4 பேர்; போலியில் 22-க்கு 2 பேர். “பார்த்தீர்களா, இரண்டு மடங்கு!” என்று யாராவது இதைத் தூக்கிக்கொண்டு வரலாம். நாலுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காசு சுண்டிப் பார்க்கிற வித்தியாசம். பத்துத் தடவை சுண்டினால் ஒரு நாள் ஆறு தலை விழும். ஒரு நாள் நாலு தலை விழும். அதைக் கொண்டு காசுக்கு மகிமை கற்பிப்பதில்லை. பரீட்சை செய்தவர்களும் அப்படிக் கற்பிக்கவில்லை.

“ஆனால் எங்கள் ஊரில் ஒரு அம்மாளுக்கு இதனால்தானே பிள்ளை பிறந்தது?” என்று ஒரு சமாதானம் எங்கும் கேட்கிறது. அரசமரத்தைச் சுற்றினவர்களும் இதைத்தான் சொன்னார்கள். கயிறு கட்டினவர்களும் இதைத்தான் சொன்னார்கள். இதற்கு இங்கிலாந்து வைத்தியர்கள் ஒரு கணக்குச் சொல்லுகிறார்கள். பெண்ணுக்கு 40 வயதுக்கு உட்பட்டிருந்து, தடையில்லாமல் கூடி வாழ்கிற நூறு தம்பதிகளில் 80-க்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் கர்ப்பமாகிறது. மீதியுள்ளவர்களில் சுமார் பாதிப்பேருக்கு இரண்டாம் வருஷத்தில் தானாகவே ஆகிறது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு மனம் நொந்துதானே பெண்கள் வைத்தியம் தேடிப் போகிறார்கள்? அப்படிப் போகிறவர்களுடைய காலை அமுக்கினாலும் சரி, காதைத் திருகினாலும் சரி, ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் சரி, இருவரில் ஒருவருக்கு மறுவருஷம் பிள்ளை உண்டாகப் போகிறது. உண்டானவள் ஊரெல்லாம் சொல்லுவாள். உண்டாகாதவள் வாயைத் திறப்பாளா? அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். இப்படி ஒருத்தியின் வாயும் மற்றொருத்தியின் மௌனமும் சேர்ந்துதான் எல்லா மகிமைகளும் உண்டாகின்றன.

இதிலே இன்னொரு அக்கிரமம். பிள்ளையில்லாத தம்பதிகளில் சுமார் பாதிப்பேரிடத்தில் ஆண்பிள்ளையினிடத்திலும் குறையிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிற பரீட்சை மிகச் சுலபமானது. கத்தியில்லை, மயக்க மருந்தில்லை, வலியில்லை. விந்துவை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பதுதான். இதற்குப் போக மாட்டாத புருஷன், பெண்சாதியை மாத்திரம் வாரம் ஒரு தடவை காலை அமுக்கிக்கொண்டு வரும்படி அனுப்புகிறான். குறை அவளுடையது என்று அவளும் நம்புகிறாள். கருக்குழாய் அடைபட்டிருக்கிற பெண்ணுக்கு எத்தனை வருஷம் குதிகாலை அமுக்கினால் அடைப்புத் திறக்கும்? கர்ப்பப் பிராயம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருஷமும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதமும் பார்த்துவிட்டுப் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே வைத்தியரிடம் போகவேண்டும் என்று சொல்லுவதன் காரணம் இதுதான். 37 வயதில் பாத வைத்தியத்தை நம்பி இரண்டு வருஷத்தைப் போக்கினவளுக்கு அந்தப் பணத்தை வேண்டுமானால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அடுத்தபடியாகக் கர்ப்ப காலம். இங்கே இவர்களுடைய சாஸ்திரத்தின் அழகைப் பாருங்கள். கணுக்காலுக்குக் கீழே உள்ள இடத்தை அமுக்கினால் பிள்ளை உண்டாகும் என்கிறார்கள். உண்டான பிறகு முதல் மூன்று மாதம் அந்த இடத்தை அமுக்கக்கூடாது, கரு கலைந்தாலும் கலையும் என்று அவர்களில் பலர் சொல்லுகிறார்கள். நாள் கடந்தும் வலி எடுக்கவில்லையானால் அதே இடத்தை அமுக்கினால் பிள்ளை பிறந்துவிடும் என்கிறார்கள். ஒரே பொத்தான் பிள்ளையைக் கொடுக்கவும், கலைக்கவும், வெளியே தள்ளவும் செய்கிறது! இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள், யாரிடத்தில் பரீட்சை செய்தார்கள் என்று கேட்டால் பதிலைக் காணோம்.

கால்வீக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஏழெட்டு மாதத்தில் அநேகருக்குக் கால் வீங்கும். ஆஸ்திரேலியாவில் இதற்குப் பாத வைத்தியம் செய்து பார்த்த ஒரு சிறு பரீட்சை 2003-ல் வெளியாகியிருக்கிறது. 55 பெண்களில் சிலருக்கு ஒருவித பாத வைத்தியம், சிலருக்கு வேறுவிதம், சிலருக்கு வெறும் ஓய்வு. நாடாவால் அளந்து பார்த்ததில் வீக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஆனால் பாத வைத்தியம் பெற்றவர்கள் தங்களுக்குச் சுகமாய் இருந்ததாகச் சொன்னார்கள். நாம் அதை நம்புகிறோம். சுகமாய் இருந்தது என்பது வேறு. வீக்கம் வற்றிற்று என்பது வேறு.

தாய்மார்களே! இந்த இடத்தைச் சற்றுக் கவனமாய்க் கேட்க வேண்டுகிறோம். கர்ப்பிணியின் காலிலே உண்மையாகவே சில சங்கதிகள் தெரிவதுண்டு. ஆனால் அவை இவர்களுடைய படத்தில் இல்லாதவை. வீக்கம் திடீரென்று அதிகமாகி முகத்திலும் கையிலும் பரவி, அதோடு விடாத தலைவலியும், கண் மங்கலும், மேல்வயிற்று வலியும் சேர்ந்தால் அது இரத்தக் கொதிப்பு ஏறுகிற பிரீ-எக்ளாம்ப்ஸியா என்னும் கோளாறாய் இருக்கலாம். அது வலிப்பில் கொண்டுபோய் விட்டுத் தாயையும் பிள்ளையையும் ஒருங்கே கொல்லக்கூடியது. அதைக் கண்டுபிடிக்க இரத்தக் கொதிப்பை அளக்கிற பட்டையும், சிறுநீர்ப் பரீட்சையும் போதும். இன்னொன்று, ஒரு கால் மாத்திரம் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களிலும் இது மற்றக் காலத்தைவிட அதிகம் வரும். அந்தக் காலை அமுக்கவே கூடாது; கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வீங்கின காலை மடியிலே வைத்துக்கொண்டு, “இது சிறுநீரகத்தின் இடம், இதை அமுக்கினால் நீர் இறங்கும்” என்று அரைமணி நேரம் ஒருவர் தடவிக்கொண்டிருப்பதில் கெடுதல் என்ன என்று இனி யாரும் நம்மைக் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

பிரசவத்தைப்பற்றி அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, லண்டனில் 1990-க்களில் நடந்த ஒரு சோதனை. கர்ப்ப காலத்தில் பாத வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு முதற்கட்ட வலி சராசரி ஐந்து மணி நேரத்தில் முடிந்தது, புத்தகக் கணக்கின்படி 16 முதல் 24 மணி நேரமாகும் என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். பக்கத்திலே அதேமாதிரிப் பெண்களை வைத்துப் பாத வைத்தியம் செய்யாமல் பார்த்தார்களா? இல்லை. புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள். பத்துத் தடவை விடாமல் வந்து முடித்த பெண்கள், ஆரோக்கியமாயும் வசதியாயும் இருப்பவர்களாய் இருக்கலாம். நடுவில் நின்றுபோனவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் எந்த வைத்தியமும் ஜெயிக்கும்.

பிரசவத்தில் பெண்ணுக்கு நிச்சயமாய் உதவி செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. அதற்குச் செலவும் கிடையாது. வலி எடுத்தது முதல் பிள்ளை பிறக்கிறவரையில் அவளுக்கு வேண்டிய ஒருவர் விடாமல் கூட இருப்பதுதான் அது. 17 தேசங்களில் 15,858 பெண்களைக் கொண்டு நடந்த 26 பரீட்சைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். அப்படித் துணையிருந்தவர்களுக்கு வலி நேரம் சராசரி நாற்பது நிமிஷம் குறைந்தது. தானாகப் பிரசவமானவர்கள் அதிகம். வயிற்றை அறுத்தது குறைவு. உலக சுகாதார ஸ்தாபனமும், பெண் தானே தேர்ந்தெடுத்த ஒருவரைக் கூட இருக்கவிட வேண்டும் என்று 2018-ல் சொல்லியிருக்கிறது. பாத வைத்தியத்தில் ஏதாவது பலன் தெரிந்தால் அதன் இரகசியமும் இதிலேதான் இருக்கிறது. அவசரப்படாமல், அதட்டாமல், ஒரு மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவளைத் தொட்டுப் பேசியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அந்த மரியாதை கிடைக்காதபோது பெண்கள் அது கிடைக்கிற இடத்துக்குப் போகிறார்கள். இதை வைத்தியர்களும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பிரசவ அறையில் வலியால் கத்துகிறவளை ஏளனம் செய்கிறவர்கள் இருக்கிறவரையில் பாத வைத்தியருக்கு வாடிக்கை குறையாது.

சர்க்கார்கள் என்ன செய்தன என்றால், ஆஸ்திரேலிய சர்க்கார் இப்படிப்பட்ட வைத்தியங்களை ஆராய்ச்சி செய்து, பலனுக்குத் தெளிவான ருஜு இல்லையென்று கண்டு, 2019 ஏப்ரல் 1 முதல் பாத வைத்தியம் உள்பட 16 வைத்தியங்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் சலுகையை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2009-ல், எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் என்னும் பேராசிரியர் 18 பரீட்சைகளைச் சலித்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தகுந்த ருஜு இல்லையென்று எழுதினார்.

சபையிலிருந்து இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்றில், “துணை வைத்தியம் என்றுதானே சொல்லுகிறார்கள், பெரிய வைத்தியத்தோடு இதுவும் இருந்தால் உங்களுக்கென்ன நஷ்டம்?” என்று கேட்டிருக்கிறது. சரியான கேள்வி. நமக்கு நஷ்டமில்லை. சோற்றுக்குத் துணை குழம்பு என்றால் குழம்பிலே ஏதாவது இருக்கவேண்டும். வெறுந்தண்ணீரை ஊற்றிக் குழம்பு விலை வாங்கினால் கேட்கத்தானே வேண்டும்? கால் பிடித்துவிடுகிறேன், இவ்வளவு கூலி என்று சொல்லட்டும்; நாமே சிபாரிசு செய்கிறோம். கருமுட்டையைச் சரிப்படுத்துகிறேன் என்று சொல்லிக் கூலி வாங்கினால், பிளிமத் கணக்கைக் காட்டி, போலிக்கும் நிஜத்துக்கும் ஒரே பலனாயிருக்க விலை மாத்திரம் ஏன் வேறு என்று கேளுங்கள்.

இன்னொரு சீட்டு ஒரு தாயார் அனுப்பியது. “மகள் நிறைமாதமாயிருக்கிறாள், கால் வலிக்கிறது என்கிறாள், பிடித்துவிடலாமா, கூடாதா?” என்று கேட்கிறார்கள். தாராளமாய்ப் பிடித்துவிடுங்கள் அம்மா. மாப்பிள்ளையையும் பிடித்துவிடச் சொல்லுங்கள். அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துபோகாது. ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, காலைத் தலையணைமேல் சற்று உயர்த்தி வைத்து, மெதுவாகப் பிடித்துவிட்டால் போதும். எந்த இடம் என்று படம் பார்க்க அவசியமில்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மாத்திரம் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கால் பெரிதாயும் சூடாயும் இருந்தாலோ, தலைவலி, கண் மங்கல் என்று சொன்னாலோ, காலை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் இரத்தக் கொதிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.